கீரி குடியிருந்த கல்லறை

சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது என்று கேட்டேன். "எங்க வேணாலும் நடங்கம்மா" என்றபடி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவர் காரில் வந்து காரில் போகிறவர். திண்டிவனத்தில் ஒரு பெண்பிள்ளை எங்கே வேண்டுமானாலும் நடந்துவிட முடியுமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் எங்கள் தெருவிலேயே நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தர் கோலப்பொடியோ பல் துலக்கும் பிரஷ்ஷோ கையில் வைத்துக்கொண்டு "இன்னா, வாக்கிங்கா?" என்று கேட்பார். பார்த்தால் தெரியாதா? முந்தின நாளும் அதே நேரத்தில் அதே செருப்போடு போனவள்தானே? பிறகு மெயின் ரோட்டுக்குப் போனேன். அங்கே ஷேர் ஆட்டோக்காரர்கள் விடவில்லை. என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து, "ஏறுங்கம்மா, ஒரு சீட்டுதான்" என்பார்கள். நடக்கிறேன் என்றால் பாவமாகப் பார்ப்பார்கள். மைதானத்தில் ஆண்கள் கூட்டம். வட்டமாக நின்று கைகொட்டிச் சிரிப்பார்கள், அது உடம்புக்கு நல்லதாம். சிரித்து முடித்ததும் என்னிடம் வந்து, கேப்பைக் களி தின்னுங்க, வெந்தயம் ஊறவைச்சுக் குடிங்க என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலையில் இருந்தேன். சீக்கிரம் ரயிலைப் பிடித்து இறங்கி, ஜங்ஷன் பிளாட்பாரத்திலேயே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து பார்த்தேன். நீளமான பிளாட்பாரம், நிழலும் உண்டு. ஆனால் நான் வண்டியைத் தவறவிட்டுத் தவிக்கிறேன் என்று நினைத்து, "எந்த வண்டிம்மா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் புதுச்சேரி வண்டியில் ஏற்றியே விட்டார். நல்ல மனுஷர்தான். இந்த ஊர்களில் தொல்லை கொடுக்கிறவர்கள் எல்லாரும் நல்ல மனுஷர்கள், அதுதான் சங்கடம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நாய் துரத்தியது. ஓடினேன். ஒரு நீளமான மதில், அதில் துருப்பிடித்த கம்பிக் கேட், அது லேசாகத் திறந்திருந்தது. உள்ளே நுழைந்து சாத்திக்கொண்டேன். நாய் கொஞ்ச நேரம் குரைத்துவிட்டுப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் கல்லறைத் தோட்டம்.

கேட்டுக்குப் பக்கத்தில் புதுக் கல்லறைகள். டைல்ஸ் ஒட்டி, போட்டோ பதித்து, பிளாஸ்டிக் மாலை போட்டவை. உள்ளே போகப்போகப் பழசு. செங்கல்லும் சுண்ணாம்பும் உதிர்ந்து, எழுத்தெல்லாம் மழையில் கரைந்துபோனவை. அவற்றுக்கு நடுவே வேம்பும் பூவரசும் நுணாவும் தம் இஷ்டத்துக்கு வளர்ந்திருந்தன. எருக்கும் தும்பையும் இடுப்பு உயரம். செம்போத்து ஒன்று புதருக்குள்ளிருந்து குடத்துக்குள் பேசுகிற குரலில் கூப்பிட்டது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு சிலுவையின் தோளில் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. வேப்பம்பொந்திலிருந்து ஒரு புள்ளி ஆந்தை என்னை முறைத்துப் பார்த்தது. முறைத்ததோடு சரி, எதுவும் கேட்கவில்லை. அங்கே இருந்த யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. வெந்தயம் குடிக்கச் சொல்லவில்லை. அரை மணி நேரம் நடந்தேன். என் வயதில் அப்படி ஒரு நிம்மதியை நான் வேறு எங்கும் அனுபவித்ததில்லை.

மறுநாளும் போனேன். அப்புறம் தினமும்.

கடைசி வரிசையில் ஒரு கல்லறை. பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. ஒரு பக்கம் செங்கல் விழுந்து அடியில் ஒரு பொந்து இருந்தது. அந்தப் பொந்தில் ஒரு கீரி குடியிருந்தது. முதலில் வாலை மட்டும்தான் பார்த்தேன். நான் எதிரே இருந்த வேப்பமரத்து வேரில் அசையாமல் உட்கார்ந்து பழகின பிறகு, அது மூக்கை நீட்டும், பின்னங்காலில் எழுந்து நின்று என்னை ஆராயும், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். புரட்டாசி வாக்கில் குட்டிகள் வெளியே வந்தன. மூன்று. ஒன்றின் மேல் ஒன்று உருண்டு, அம்மாவின் வாலைக் கடித்து, ஒரு காய்ந்த பூவரசங்காய்க்காக அடித்துக்கொள்ளும். நடந்து முடித்ததும் தலையைக் குனிந்து அந்தப் பொந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாய் சும்மா இருக்காது. முந்தின நாள் வீட்டில் நடந்ததையெல்லாம் கீரியிடம் முணுமுணுப்பேன். பெரும்பாலும் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

திட்டாமல் என்ன செய்வது? நான் போகிற இடம் எது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை வாசல் வழியாக வீட்டுக்குள் விடவில்லை. சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்தபடியே, தலையைக் கூடத் தூக்காமல், "பின்பக்கமா போ. தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா" என்பார். தினமும் தலைக்கு ஊற்றினால் எனக்குச் சளி பிடிக்கும். மார்கழியிலும் ஊற்ற வேண்டும். தைலம் தடவிக்கொண்டு இரவெல்லாம் தும்முவேன். "பாத்தியா, அந்த எடத்துக்குப் போனா அப்பிடித்தான் ஆவும்" என்பார். தும்மல் தண்ணீரால் வருகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. அங்கிருந்து ஒரு நித்தியகல்யாணிச் செடியைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தேன். ரோஸ் கலரில் நாலு பூ விட்டது. "சுடுகாட்டுமல்லிய எவனாவது ஊட்ல வெப்பானா?" என்று வேரோடு எடுத்துத் தெருவில் போட்டுவிட்டார்.

"அது பொம்பள போற எடமா?" என்பதுதான் அவருடைய கடைசி வாதம். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் மட்டும்தான் வரும்.

என் அப்பா விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம், மண்டகப்பட்டு போகிற வழியில் ஒரு ஊரில் மல்லாட்டைக் கடலை பயிர் வைத்து எங்களைப் படிக்க வைத்தவர். அவர் செத்துப்போனபோது எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அப்பாவுக்கு எல்லாம் செய்தவள் நான். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவள் நான். ஆனால் தெருமுனை வந்ததும் யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். பறை சத்தம் வாய்க்கால் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளிக்க வேண்டும். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. இருந்த கொஞ்சம் தண்ணீரை ஆளாளுக்குத் தெளித்துக்கொண்டோம், அதோடு சரி. அப்பாவை எரித்த இடம் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தம்பியைக் கேட்டால் "அதெல்லாம் இன்னாத்துக்கு உனுக்கு?" என்பான்.

கல்லறைத் தோட்டத்தில் என்னைத் தவிர தினமும் வருகிறவள் ஒருத்திதான். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் புருஷன் கல்லறையைக் கூட்டுவாள், ஒரு சொம்புத் தண்ணீர் தெளிப்பாள், கொஞ்ச நேரம் முழங்கால் போட்டுவிட்டுப் போவாள். நாங்கள் பேசிக்கொண்டதில்லை. என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள். அதில் ஏதோ ஒரு இரக்கம் இருந்தது. சில நாள் நான் போகும்போது என் கீரியின் கல்லறை மேல் ரெண்டு சாமந்திப்பூ கிடக்கும். இவள்தான் வைக்கிறாள் என்று தெரியும். எதற்கு என்று புரியவில்லை. கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வேண்டாம் என்றுதானே இங்கே வருகிறேன் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கின சமயம் ஒரு நாள் உள்ளே ஆட்கள் அரிவாளோடு நின்றார்கள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. அன்றைக்கு இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள், ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அதற்காகத்தான் சுத்தம் செய்கிறார்கள். எருக்கு போயிற்று, தும்பை போயிற்று, செம்போத்து இருந்த புதர் போயிற்று. எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்த மண்ணெண்ணெய் வைத்திருந்தார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் குடையோடு நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால வரிசைய விட்டுடலாங்களே" என்றேன். "குருவிங்க இருக்குது."

"ஜனங்க வர்ற நாளும்மா. பூச்சி பொட்டு இருந்தா பேஜாரு" என்றார் மரியாதையாக. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் இடமா அது? நான் யார் கேட்பதற்கு? வரி கட்டுகிறேனா, காணிக்கை போடுகிறேனா? மனசெல்லாம் எரிய வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மறுநாள் காய்ச்சல். அதற்கும் வீட்டுக்காரர் சுடுகாட்டைத்தான் குற்றம் சொன்னார். நாலைந்து நாள் எழுந்திருக்கவில்லை.

உடம்பு தேறி நான் போனது கல்லறைத் திருநாள் அன்று விடியற்காலை. மழை விட்டிருந்தது. தோட்டம் முழுக்க வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. கடைசி வரிசைக்குப் போனேன். என் கீரியின் கல்லறையை யாரோ நாலு பக்கமும் சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள். விழுந்த செங்கல்லை எடுத்துப் பொந்தில் அடைத்து, சுற்றிலும் கலவை போட்டு மெழுகி, வெள்ளையடித்து, ஈரத்திலேயே விரலால் ஒரு சிலுவை கிழித்து, மேலே ஒரு சாமந்தி மாலை. அவ்வளவு நேர்த்தியாக என் வீட்டுச் சுவரைக்கூட எவனும் பூசியதில்லை.

பூச்சின் அடியில் புதிதாக மண் கீறிக் கிடந்தது. தாய்க்கீரி கொஞ்சம் தள்ளி மதிலோரம் நின்றது. என்னைப் பார்த்தும் ஓடவில்லை. கல்லறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி, மூடின இடத்தை மோந்து, முன்னங்காலால் பிறாண்டிவிட்டு, மறுபடி மதிலோரம் போய் நின்றது. அது வெளியே இருக்கிறது. குட்டிகள் உள்ளே இருக்கின்றன.

ஒரு அரைச்செங்கல்லை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். வெள்ளைதான் உதிர்ந்தது. செங்கல் உடைந்தது, இன்னொன்றை எடுத்தேன். கை தோல் உரிந்தது. யார் செய்த வேலை இது, யார் கேட்டார்கள் இதை, ஓட்டையாகவே ஒன்றை விட்டுவைக்க முடியாதா இந்த ஊரில் என்று வாய்விட்டே திட்டினேன்.

"அக்கா, இன்னா பண்றீங்க?"

புருஷன் கல்லறைக்கு வருகிற அந்தப் பெண். நல்ல புடவை கட்டி, கையில் மெழுகுவத்திப் பொட்டலத்தோடு நின்றாள்.

"ஒடைக்கிறேன்" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "பூச்சு புடிக்கலியாக்கா? எந்தம்பி கொத்தனாரு. எங்க ஊட்டுக்காரருக்குப் பூசினதுல கலவை மிச்சம் இருந்திச்சி. எல்லாருதும் நல்லா இருக்க, உங்க அப்பாது மட்டும் ஓட்டையா கெடக்குதேன்னு நாந்தான் பூச சொன்னேன்."

"எங்க அப்பாவா?"

"எங்களுக்குத் தெரியுங்க்கா" என்றாள் குரலைத் தாழ்த்தி. "நீங்க கல்யாணம் கட்டிக்கினு வேற மதத்துக்குப் போய்ட்டீங்க. ஊட்டுக்குத் தெரியாம விடியக்காலைல வந்து, அப்பாகிட்ட ஒக்காந்து ஜெபம் பண்ணிட்டு அழுதுட்டுப் போறீங்க. எல்லாருக்கும் தெரியும். நாங்க வெளிய யாருகிட்டயும் மூச்சு விட்டதில்ல. அந்தம்மா வர்ற நேரத்துக்குக் கேட்டைப் பூட்டாதீங்கன்னு உபதேசியார் சொல்லி வெச்சிருக்காரு."

நான் செங்கல்லைக் கீழே வைத்தேன். இவ்வளவு காலமும் அந்தக் கேட் எனக்காகத்தான் திறந்திருந்ததா? என்னைக் கேள்வி கேட்காத ஒரே இடம் என்று நான் நினைத்தது, இத்தனை பேர் பேசி வைத்துக்கொண்டு எனக்குக் கொடுத்த இடம். இவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட முடியவில்லை என்பதே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"உள்ள கீரி இருக்குதும்மா" என்றேன். "குட்டி போட்டிருக்குது. நான் அதத்தான் பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன்."

"கீரியவா?"

"ஆமா."

"அப்ப வாயில முணுமுணுன்னு ஜெபம் பண்ணுவீங்களே?"

"எங்க ஊட்டுக்காரர திட்டிக்கினு இருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். "ஒரு வருஷமா நான் உங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ணிக்கினு இருக்கறேங்க்கா" என்றாள். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். உபதேசியாரைக் கூட்டி வரத்தான் போகிறாள், கல்லறையை உடைத்தவள் என்று என்னை நிற்கவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தபடியே மறுபடி செங்கல்லை எடுத்தேன். அவள் குழி வெட்டுகிறவர்களின் கொட்டகையிலிருந்து ஒரு கடப்பாரையோடு வந்தாள்.

"தள்ளுங்க. ஜல்தி. ஃபாதர் வந்துருவாரு" என்றாள்.

தன் தம்பி பூசினதைத் தானே குத்தினாள். நாலாவது குத்தில் பூச்சு விட்டது, நான் கையால் செங்கல்லை உருவினேன். பொந்து கறுப்பாகத் தெரிந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் வேப்பமரத்தடிக்கு விலகி நின்றோம். தாய்க்கீரி வரவில்லை. வருவதற்குள் கேட் பக்கம் ஜனங்கள் வந்துவிட்டார்கள்.

பூசை முடிந்து ஃபாதர் வரிசை வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். கூடவே உபதேசியார், தீர்த்தச் செம்பு, பின்னால் பாட்டுப் பாடுகிற பெண்கள். கடைசி வரிசைக்கு வந்ததும் உபதேசியார் உடைந்த பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? நேத்து நல்லாத்தானே இருந்திச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "கலவை சரியா புடிக்கலீங்க. அப்புறமா பாத்துக்கலாம். இவங்க அப்பாங்க. நீங்க மந்திரிங்க."

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "ஜெபத்துக்குப் பேரு சொல்லுங்கம்மா."

இல்லை, இது என் அப்பா இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது என் அப்பாவின் பெயர்தான். அது முருகன் பெயர்களில் ஒன்று. ஃபாதர் ஒரு நொடி என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். பிறகு அந்தப் பெயரை அப்படியே உரக்கச் சொல்லி, அவருடைய ஆன்மா இளைப்பாறட்டும் என்றார். கூட்டமும் சேர்ந்து சொன்னது. அப்பாவின் பெயரை நாலு பேருக்கு நடுவில் ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தீர்த்தம் என் மேலும் தெறித்தது. எனக்கு அழுகை வந்தது. கீரிக்காக என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். கீரிக்காக இல்லை.

கூட்டம் அடுத்த கல்லறைக்கு நகர்ந்ததும் தாய்க்கீரி தரையோடு தரையாக வந்து பொந்துக்குள் போயிற்று. வெளியே வரும்போது வாயில் ஒரு குட்டி தொங்கியது. கால் அசைந்தது. மதில் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துப் போயிற்று. மூன்றாவதைப் பார்க்கலாம் என்றால், மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்கள் குறுக்கே நின்றுகொண்டு, எந்த ஊரும்மா, அப்பாவுக்கு என்ன உடம்பு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. மூன்றாவது போயிற்றா, உள்ளேயே கிடக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கையை விட்டுப் பார்க்கவும் துணிவில்லை. அந்தப் பெண் தன் பொட்டலத்திலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் புருஷனிடம் போய்விட்டாள். பொந்துக்குப் பக்கத்தில் அதை ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவர் நாற்காலியில் இருந்தார். "பின்பக்கமா போ. தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா" என்றார். எப்போதும் நான் ஏதாவது திருப்பிச் சொல்வேன். அன்றைக்கு நேராகப் பின்பக்கம் போனேன். வாளியில் இருந்ததை முழுக்கத் தலையில் ஊற்றிக்கொண்டேன். குழாயைத் திறந்து இன்னொரு வாளி பிடித்து அதையும் ஊற்றிக்கொண்டேன். மூன்றாவது வாளி நிரம்புகிற சத்தம் கேட்டு அவர் பேப்பரோடு பின்கட்டு வரைக்கும் எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா இவ்ளோ நேரம்? யாராவது சாவா?"

"ஆமா" என்றேன். "எங்க அப்பா."